கடைமேஜையும் கட்டுச் சங்கிலியும்

பெரிய நகரங்களின் கடைகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும், விலை விசாரிக்கவும், வேண்டிய பண்டத்தைத் தேர்ந்து சொல்லவும், பணம் செலுத்திக் கையொப்பமிடவும் வாடிக்கையாளரை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருக்கும் டேப்லெட்டை ஒரு நிமிஷம் நின்று கவனித்தால், அது மேஜைமேல் வெறுமனே வைக்கப்பட்ட பொருளன்று என்பது புலப்படும். அதன் நான்கு விளிம்பையும் அலுமினியச் சட்டம் ஒன்று இறுகக் கவ்வியிருக்கும். அச்சட்டத்தைப் பிணைக்கும் திருகாணிகளின் தலையில், வீட்டிலுள்ள திருப்புளி எதுவும் நுழையாதபடி நட்சத்திர வடிவமான குழியும், அக்குழியின் நடுவே ஊசிமுனையளவு ஒரு முளையும் இருக்கும். சட்டத்தைத் தாங்கும் தண்டு மேஜைப் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி, அடிப்புறத்தில் மரையாணியால் முடுக்கப்பட்டிருக்கும். மின்சாரம் கொண்டுவரும் கம்பியும் அந்தத் தண்டின் வயிற்றுக்குள்ளாகவே வரும். இத்தனை ஏற்பாட்டையும் பார்த்துவிட்டு, "நம்மையெல்லாம் திருடர்கள் என்றே நினைத்துவிட்டார்கள் போலும்" என்று மனம் கசப்பவர்கள் உண்டு. அந்தக் கசப்பு இயல்பானதே. ஆயினும், பலரும் தொடும்படி வைத்த பொருளைக் கட்டி வைக்கும் இவ்வழக்கத்துக்கு ஏறக்குறைய அறுநூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு வருபவர்களுக்கு, சங்கிலி என்பது அவநம்பிக்கையின் சின்னமாகத் தோன்றுவதைவிட, ஒரு கதவைத் திறந்துவிட்டவர் அதற்கு ஈடாகச் செய்துகொண்ட ஏற்பாடாகவே தோன்றும்.

உண்மையாகவே பிறர் கண்ணுக்கு மறைக்க விரும்பும் பொருளுக்கு எவரும் சங்கிலி போடுவதில்லை. அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். எடுத்துப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள், உபயோகித்துப் பாருங்கள் என்று முன்பின் அறியாதவர்களுக்கும் அனுமதி கொடுத்து, வேலை முடிந்தபின் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொள்ளவேண்டிய நிலைமை ஏற்படும்போதுதான் சங்கிலிக்கு அவசியம் உண்டாகிறது.

ஐரோப்பாவில் இந்த நிலைமை கடைகளுக்கு வருமுன் புஸ்தகசாலைகளுக்கு வந்தது. அச்சு இயந்திரம் பரவுவதற்கு முந்திய காலத்தில் ஒரு புஸ்தகம் என்பது, ஆட்டுத்தோலையும் கன்றுத்தோலையும் பதப்படுத்தி, அவற்றின்மேல் மாதக்கணக்கில் கையால் எழுதி முடிக்கப்பட்ட அரும்பொருள். அதைப் பெட்டியில் பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்குமேயன்றிப் படிப்பவருக்குப் பயன்படாது. இத்தாலியில் செசேனா நகரத்தை ஆண்ட மலாதெஸ்தா நோவெல்லோ என்ற பிரபு, பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்தில் 1452-ஆம் ஆண்டு கட்டி முடித்த நூலகத்தில், இருபுறமும் வரிசையாக அமைந்த 58 சாய்மேஜைகளில் ஏடுகள் சங்கிலியுடன் வைக்கப்பட்டன. துறவிகளும் நகரத்தாரும் சேர்ந்து பராமரித்த அந்த நூலகம், சங்கிலிகளோடு இன்றும் அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தில் கிரான்தம் என்னும் ஊரின் மாதாகோவிலில், நுழைவாயிலுக்கு மேலிருந்த சிறு அறையில், பிரான்சிஸ் டிரிக் என்ற பாதிரியார் 1598-இல் ஒரு நூலகத்தை ஏற்படுத்தினார். சுற்றுவட்டாரத்துக் குருமார்களோடு ஊர் ஜனங்களும் வந்து படிக்கவேண்டும் என்பது அவர் நோக்கம். படிக்கலாம் என்ற அழைப்பு ஊராருக்கெல்லாம் உரியதாயிருந்தமையாலேயே அங்கும் புஸ்தகங்களுக்குச் சங்கிலி தேவைப்பட்டது.

இவற்றுள் மிக நேர்த்தியான வேலைப்பாட்டைக் காணவேண்டுமானால் இங்கிலாந்திலேயே உள்ள ஹெரிபோர்டு தேவாலயத்துக்குச் செல்லவேண்டும். 1611-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்நூலகத்தில் ஏறக்குறைய 1,500 புஸ்தகங்கள் உண்டு. அவை நாம் அலமாரியில் அடுக்குவதற்கு நேர்மாறாக, முதுகுப்புறம் உள்ளேயும் தாள்களின் விளிம்பு வெளியேயும் தெரியும்படி நிறுத்தப்பட்டிருக்கின்றன. பார்த்தமாத்திரத்தில் விசித்திரமாகப் படும் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் சங்கிலியே. சங்கிலியின் ஒரு முனை முன்னட்டையின் விளிம்பில் பித்தளைத் தகடொன்றில் கோக்கப்பட்டிருக்க, மறு முனை அலமாரித் தட்டின் ஓரமாக ஓடும் இரும்புக் கம்பியில் வளையமாக மாட்டியிருக்கும். முதுகுப்புறம் வெளியே தெரிய அடுக்கினால், எடுக்கும் ஒவ்வொரு தரமும் புஸ்தகத்தைச் சுற்றித் திருப்பவேண்டிவரும், சங்கிலி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலையும் தவிர்ப்பதற்காகச் சங்கிலியின் நடுவே தானாகச் சுழலும் கண்ணி ஒன்றை வைத்தார்கள். அலமாரியின் கீழேயே படிக்கும் மேஜை; சங்கிலியின் நீளம் அந்த மேஜையை எட்டும், அதற்கப்பால் எட்டாது. புதிய புஸ்தகம் ஒன்றைச் சேர்க்கவேண்டுமானால் அலமாரியின் முனையிலுள்ள பூட்டைத் திறந்து, கம்பியை உருவி, வளையத்தை ஏற்றி, மறுபடியும் பூட்டவேண்டும். பெயர் தெரியாத அந்தக் கொல்லர்களும் தச்சர்களும், திருட வருபவனை நினைத்துச் செலவழித்த யோசனையைவிடப் படிக்க வருபவரை நினைத்துச் செலவழித்த யோசனையே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தொழிலின் பிற்காலச் சிருஷ்டிகள் அனைத்தையும் நான் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிட விரும்புகிறேன்.

நம் நாட்டு ரயில் நிலையங்களில் குடிநீர்த் தொட்டியருகே சங்கிலியில் தொங்கிய டம்ளரும், தபாலாபீஸ் மேஜையில் நூலால் கட்டி வைத்த பேனாவும் இதே வம்சத்தில் பிறந்தவைதாம். டம்ளரின் சங்கிலியைச் சிக்கனமாக வெட்டிவிட்டால், தாகத்தோடு வந்த பிரயாணி குழாயடியில் கூனிக்குறுகி நின்று வாயை டம்ளருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்; ஒரு சாண் அதிகம் விட்டிருந்தால் நிமிர்ந்து நின்று குடிப்பார். திருடன் வரும் நாள் ஒன்றென்றால், தாகத்தோடு பிரயாணிகள் வரும் நாட்கள் எத்தனையோ.

கடைகளின் சரித்திரம் வேறு பாதையில் சென்றது. நெடுங்காலம் வரையில் வியாபாரி சரக்கைத் தன் முதுகுக்குப் பின்னாலும், வாடிக்கையாளரை மேஜைக்கு முன்னாலும் வைத்துக்கொண்டு, கேட்டதை எடுத்துக் காட்டி, காட்டியதை எண்ணி உள்ளே வைத்தான். அங்கே சங்கிலிக்கு வேலையில்லை. அப்படியிருந்தும் திருட்டு நடக்கத்தான் செய்தது. அதைத் தடுக்க இங்கிலாந்துப் பார்லிமெண்டு 1699-இல் இயற்றிய சட்டம், கடையிலிருந்து ஐந்து ஷில்லிங் பெறுமான பொருளை யாரும் அறியாமல் எடுத்தவருக்குத் தூக்குத்தண்டனை விதிக்க இடமளித்தது. ஒரு துண்டு துணிக்காக ஒரு பெண்ணைத் தூக்கிலிட மனம் ஒப்பாத ஜூரிகள், பொருளின் உண்மையான விலை எவ்வளவாயிருந்தாலும் அதை 4 ஷில்லிங் 10 பென்ஸ் என்று மதிப்பிட்டு, அந்த இரண்டு பென்ஸ் குறைவினாலேயே அநேக உயிர்களைக் காப்பாற்றினார்கள். இந்தச் சட்டத்தை எடுத்துவிடவேண்டும் என்று ஸர் சாமுவேல் ரோமில்லி கொண்டுவந்த மசோதா 1810-இல் காமன்ஸ் சபையில் நிறைவேறியும், பிரபுக்கள் சபையில் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஏழு பேர் பிஷப்புகள். 1820-களில்தான் அந்தத் தண்டனை ஒழிந்தது. பொருளைக் கட்டி வைப்பதற்குப் பதிலாக மனிதனைத் தூக்கில் கட்டுவதால் கடை பத்திரப்பட்டுவிடும் என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கற்றறிந்தவர்கள் நம்பினார்கள் என்பதை நினைக்கும்போது, மேஜைக்கடியில் முடுக்கிய ஒரு சாதாரண மரையாணி எவ்வளவு கருணையுள்ள சாதனம் என்பது விளங்கும்.

மேஜைக்கு முன்னும் பின்னும் என்றிருந்த எல்லையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய அங்காடிகள் முதலில் தளர்த்தின. பாரிஸ் நகரத்துப் போன் மார்ஷே என்ற கடையில் 1852-இல் பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிகோ, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எவரும் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரே விலை என்ற முறையைப் பிரபலமாக்கினார். அதைப் போன்ற அங்காடியைக் களமாக வைத்து எமில் ஸோலா 1883-இல் வெளியிட்ட நாவலில், பிரபு குடும்பத்துச் சீமாட்டி ஒருத்தி சரிகைப்பின்னலைத் திருடி அகப்படுகிறாள்; பணமில்லாமையால் நேரும் திருட்டு ஒருபுறமிருக்க, கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பதாலேயே நேரும் திருட்டும் உண்டு என்பதைப் பாரிஸ் வைத்தியர்களும் அக்காலத்தில் பெரிதாக விவாதித்தார்கள். அப்புறம் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில், கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 1916 செப்டம்பரில் பிக்லி விக்லி என்ற மளிகைக் கடையைத் திறந்து, ஜனங்களே கூடையை எடுத்துக்கொண்டு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு அவர் பெற்ற காப்புரிமை 1917-ஆம் ஆண்டினது. அந்தக் கடையின் அமைப்பில், ஒரு பக்கம் மட்டும் சுழலும் வாயிலால் உள்ளே நுழைந்தவர், வளைந்து வளைந்து செல்லும் ஒரே பாதையில் சரக்குகளையெல்லாம் கடந்து, கணக்குப் பார்ப்பவருக்கு முன்னால் வந்தே வெளியேறவேண்டும். ஒவ்வொரு டின்னுக்கும் காவல் வைப்பதற்குப் பதிலாகக் கடையின் பாதையே காவலாயிற்று.

பாதை போதாமற்போனபோது வாசல் பேச ஆரம்பித்தது. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் ஆர்தர் மினாஸி என்பவரும், ஒஹையோ மாகாணத்து ஆக்ரனில் மளிகைக் கடை மானேஜராயிருந்த ரொனால்டு அஸ்ஸாப் என்பவரும் தனித்தனியே முயன்று, சரக்கில் மாட்டிய சிறு வில்லை ஒன்று வாசலைத் தாண்டும்போது மணியடிக்கும்படியான சாதனங்களை உருவாக்கினார்கள். மினாஸியின் நோகோ, அஸ்ஸாபின் சென்ஸர்மாட்டிக் ஆகிய கம்பெனிகளின் வில்லைகள் துணிக்கடைகளையெல்லாம் நிறைத்த அதே காலத்தில், 3எம் கம்பெனி புஸ்தகத்தின் முதுகுக்குள் மறைத்து ஒட்டும் காந்தப் பட்டையை நூலகங்களுக்காகச் செய்தது. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் 1757-இல் சங்கிலிகளை அகற்றத் தொடங்கியபின் இருநூறு வருஷம் கழிந்து, புஸ்தகமும் புடவையும் மறுபடியும் ஒரே வகைக் காவலின் கீழ் வந்தன.

கம்ப்யூட்டரைக் கையில் எடுத்துச் செல்லலாம் என்ற காலம் வந்ததும் சங்கிலியே நேராகத் திரும்பி வந்தது. கென்ஸிங்டன் என்ற கம்பெனி 1992-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பூட்டு, மடிக்கணினியின் பக்கவாட்டில் 7 மில்லிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு துவாரத்தில் நுழைந்து திரும்பிப் பிடித்துக்கொள்ளும். பூட்டிலிருந்து செல்லும் எஃகுக் கயிற்றை மேஜைக் காலில் சுற்றிவிடலாம். வருஷக்கணக்கில் அநேகமாக எல்லாத் தயாரிப்பாளர்களும் அந்தத் துவாரத்தை விட்டு வந்தார்கள். ஆப்பிள் நிறுவனம் 2001 மே 19-ஆம் தேதி வர்ஜீனியாவிலும் கலிபோர்னியாவிலும் தன் முதல் இரண்டு கடைகளைத் திறந்து, இயங்கும் நிலையிலேயே கம்ப்யூட்டர்களை மேஜைகளில் பரப்பி, வந்தவர் எவரும் எவ்வளவு நேரமும் உபயோகித்துப் பார்க்கலாம் என்று விட்டபோது, கடைமேஜை நூலகத்துச் சாய்மேஜையைப் போலவே ஆயிற்று. 2010 ஏப்ரல் 3-ஆம் தேதி ஐபேட் வந்தது: எடை 680 கிராம், ஆரம்ப விலை 499 டாலர், பூட்டு மாட்டத் துவாரம் எங்கும் கிடையாது. கைப்பைக்குள் மறையும் பருமனும், வெளியே உடனே விற்றுவிடக்கூடிய மதிப்பும் உள்ள ஒரு பொருள், கட்டுவதற்கு ஒரு கண்ணிகூட இல்லாமல் கடைமேஜைக்கு வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்ததோ வெள்ளமாக. 2011-இல் ஆப்பிள் கடைகளிலேயே விலைப்பட்டிக் காகிதங்களுக்குப் பதிலாக ஐபேடுகளைக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பாளத்துக்குள் பதித்து வைத்தார்கள். ஸ்குயர் நிறுவனம் 2013-இல் ஐபேடைக் கல்லாவாக மாற்றும் தாங்கி ஒன்றை வெளியிட்டு, சிறு காபிக்கடைக்காரர்களும் அதை வாங்கி வைக்கும்படி செய்தது. அதே வருஷம் டிசம்பரில் ஆப்பிள்பீஸ் என்ற உணவு விடுதிச் சங்கிலி, தன் சாப்பாட்டு மேஜைகளில் 1,00,000 டேப்லெட்டுகள் வைக்கப்போவதாக அறிவித்தது. இந்த வெள்ளத்துக்கு ஈடுகொடுக்கப் புறப்பட்ட தொழிலில் இரண்டு மார்க்கங்கள் தோன்றின. ஒன்று, தொடக்கத்தில் சொன்ன அலுமினியக் கூடு. மற்றொன்று, எடுத்துப் பார்க்க வேண்டிய கடைகளுக்கானது: டேப்லெட்டின் முதுகில் பலமான பசைப்பட்டையால் ஒரு வில்லையை ஒட்டி, அதிலிருந்து சுருள்வில்லின்மேல் சுற்றிய மெல்லிய எஃகுக் கயிற்றை மேஜைக்குள் இறக்கிவிடுவார்கள், கையில் எடுத்தால் கயிறு நீளும், வைத்தால் தானே உள்வாங்கிக்கொள்ளும். வில்லையின் நடுவே அழுந்தியிருக்கும் சிறு முளை, முதுகைவிட்டு மயிரிழை விலகினாலும் எழும்பிவிடும்; எழும்பினால் அபாய மணி அலறும்; கயிற்றை வெட்டினாலும் அப்படியே. ஹெரிபோர்டுச் சங்கிலியின் சுழலும் கண்ணியை வகுத்தவர்கள் இந்தச் சுருளைப் பார்த்தால் தங்கள் பேரப்பிள்ளையென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். கூட்டைப் பற்றி அவ்வளவு நல்லதாக நான் சொல்லமாட்டேன். காற்றோட்டமில்லாத சட்டத்துக்குள் இரவும் பகலும் மின்சாரத்திலேயே மாட்டிக் கிடக்கும் டேப்லெட்டின் பேட்டரி சூடேறிச் சூடேறி, நாளடைவில் உப்பி, திரையையே முன்னால் தள்ளிப் பிளந்துவிடுவதுண்டு. திருடனுக்குத் தப்பிய பொருள் காவலினாலேயே கெட்டது என்றால் அந்தக் காவலைச் செய்தவர்கள் யோசிக்கவேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது.

இரும்பாலும் எஃகாலும் ஆகாததைப் பின்னர் வேறொரு யுக்தி செய்தது. 2012-இல் ஆப்பிள் வெளியிட்ட ஐ.ஓ.எஸ். 6 என்ற மென்பொருளில், ஒரே செயலியைத் தவிர வேறெதற்கும் போகமுடியாதபடி டேப்லெட்டைக் கட்டுப்படுத்தும் வசதி சேர்ந்தது. அடுத்த வருஷம் செப்டம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 7, உரியவரின் கடவுச்சொல் இல்லாமல் அந்தக் கருவியை எவராலும் மறுபடியும் துவக்கவே முடியாதபடி பூட்டியது; ஆண்ட்ராய்டிலும் 2015-இல் அவ்விதப் பூட்டு வந்தது. திருடுபோன செல்போன்களை முடக்கும் ஏற்பாடு கட்டாயம் என்று கலிபோர்னியா 2014-இல் சட்டம் செய்தது. 2020-ஆம் வருஷம் அமெரிக்க நகரங்களில் கலவரங்களுக்கிடையே ஆப்பிள் கடைகள் சூறையாடப்பட்டபோது, வெளியே கொண்டுபோகப்பட்ட காட்சிப் போன்களின் திரையில், இது முடக்கப்பட்டுவிட்டது, இதன் இருப்பிடம் கண்காணிக்கப்படுகிறது, கடையில் திருப்பிக் கொடுக்கவும் என்ற அறிவிப்பு தோன்றியது. உணவு விடுதி மேஜைகளுக்கென்றே தயாரித்த டேப்லெட்டுகளோ இதற்கும் ஒருபடி மேலே சென்றன: அந்த விடுதியின் பட்டியலைக் காட்டுவதற்கும் பணம் வாங்குவதற்கும் தவிர வேறெதற்கும் உதவாதவையாகவே அவற்றைச் செய்தார்கள். திருட்டுப் பொருளுக்கு விலை இல்லாமற்செய்துவிட்டால், யாரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கவேண்டிய அவசியம் குறைகிறது. இந்த அறுநூறு வருஷத்தில் நடந்த மாறுதல்களில் எல்லாம் இதுவே சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

சந்தேகம் வாடிக்கையாளரோடு நிற்பதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கடைச் சிப்பந்திகள் வேலை முடிந்து வீடு செல்லும்போது அவர்களுடைய பைகளைச் சோதிக்கும் வழக்கம் அநேக இடங்களில் உண்டு. ஆப்பிள் கடைச் சிப்பந்திகள் தொடர்ந்த வழக்கில், அப்படிச் சோதனைக்காகக் காத்து நிற்கும் நேரத்துக்கும் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மேஜையில் ஒரு பொருள் குறைந்தால் முதலில் முகம் வெளிறுவது அந்த மேஜையண்டை நின்ற பையனுக்கோ பெண்ணுக்கோதான். நன்றாகக் கட்டப்பட்ட பொருள் அவர்களை அந்த அவமானத்திலிருந்து காப்பாற்றுகிறது. டேப்லெட்டுக்குச் செலவழிக்கும் முதலாளி அதைக் கட்டும் கயிற்றிலும் சிக்கனம் பாராமல் செலவழிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுதான்.

கோவிட் கொள்ளைநோய்க் காலத்தில், பலர் தொட்ட திரையைத் தொடவே ஜனங்கள் அஞ்சினார்கள். உணவு விடுதிகள் பல, மேஜைமேல் ஒரு க்யூ.ஆர். அட்டையை ஒட்டிவிட்டு, வந்தவர் தம்முடைய சொந்தப் போனிலேயே பட்டியலைப் பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டன. நம்மூர்க் கடைகளோ டேப்லெட் என்ற படியில் பெரும்பாலும் கால்வைக்காமலேயே, 2016-இல் யு.பி.ஐ. என்ற செல்போன் பணப்பரிமாற்ற முறை வந்தபின் நேராக இந்த அட்டைக்கு வந்து சேர்ந்தன. அட்டையை எவரும் திருடுவதில்லை. ஆனால் இரவோடிரவாக அதன்மேல் தன் அட்டையை ஒட்டிவிட்டு, மறுநாள் வியாபாரத்தைத் தன் கணக்கில் வரவுவைத்துக்கொள்ளும் மோசடி தோன்றியிருக்கிறது. ஆகையால் காலையில் கடை திறந்ததும் அட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பதும், பணம் அனுப்புவதற்குமுன் திரையில் தெரியும் பெயரை வாடிக்கையாளரையே வாசித்துக் காட்டச் சொல்வதும், வந்த தொகையை உரக்கச் சொல்லும் பெட்டியொன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதும் இப்போது கடைக்காரர்களின் நித்திய காரியங்களில் சேர்ந்துவிட்டன.